நிழற்குடை தாஸும் எட்டு மணி பஸ்ஸும்

போத்தனூரில் போய் ஆரோக்கியதாஸ் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். யாராவது ஒருவர், "நிழற்குடை தாஸைக் கேக்கறீங்களா?" என்பார். அப்புறம் வழி சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். சர்ச்சுக்குப் பின்னால், பச்சைக் கதவு, வாசலில் கொய்யா மரம். காலையில் திருப்பலி முடிந்து வந்து மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முன்னாள் எம்.எல்.ஏ. "முன்னாள்" என்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை, அவரும்தான்.

அப்பா ரயில்வேயில் கலாசி, எடுபிடித் தொழிலாளி. தாஸ் சின்ன வயதிலேயே நூல் மில்லில் பாபின் மாற்றும் வேலைக்குப் போனார். அங்கிருந்து சங்கம், சங்கத்திலிருந்து மேடை. 1980இல் கட்சியில் பெரிய கை இரண்டு பேர் ஒரே தொகுதிக்கு மல்லுக்கட்ட, இருவருக்கும் பிடிக்காத மூன்றாவது ஆள் வந்துவிடக் கூடாது என்று இருவரும் சேர்ந்து தாஸின் பெயரைச் சொன்னார்கள். இவர் ஜெயிப்பார் என்று இருவருமே நினைக்கவில்லை. சைக்கிளில் போய் ஓட்டுக் கேட்டவர் ரயிலேறிச் சென்னைக்குப் போனார்.

சபையில் முதல் பேச்சு. அவருக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் ஆற்று நீர், மின்வெட்டு, தொழில் கொள்கை என்று பெரிய பெரிய விஷயங்களைப் பேசினார்கள். தாஸ் எழுந்து, மதுக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை செய்யும் பெண்கள் பஸ்ஸுக்கு வெயிலில் நிற்கிறார்கள், ஒரு நிழற்குடை வேண்டும் என்றார். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "உறுப்பினர் குடை கேட்கவா கோவையிலிருந்து வந்திருக்கிறார்?" என்று கிண்டல் செய்தார். "ஆமாங்க. கொஞ்சம் பெரிய குடையா" என்றார் தாஸ். சபை சிரித்தது. அமைச்சரும் சிரித்துக்கொண்டே சரியென்றார். இரண்டு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்து முடிப்பதற்குள் தொகுதியில் மரம் இல்லாத ஸ்டாப் எல்லாவற்றிலும் நிழற்குடை வந்துவிட்டது. நெற்றியில் பட்டை மாதிரி ஒவ்வொன்றிலும் அவர் பெயர்.

அவர் காரியம் சாதிக்கிற முறை தனி. போனில் பேச மாட்டார், சிபாரிசுக் கடிதம் கொடுக்க மாட்டார். நேரே அந்த ஆபீசுக்குப் போய், அதிகாரி அறைக்கு வெளியே பியூன் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். மில்லில் மேனேஜர் அறை வாசலில் உட்கார்ந்து பழகியது. சத்தம் கிடையாது, கோஷம் கிடையாது. உள்ளே இருப்பவருக்கு எம்.எல்.ஏ. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடி வருவார். அன்றைக்கே வேலை முடியும். "பெஞ்சுக்கு இருக்கிற மகிமை நாற்காலிக்கு இல்லை பாய்" என்பார் தாஸ்.

பாய் என்றால் அமீர் ஹம்சா. தையல்காரர். தாஸின் முதல் தேர்தலுக்குக் கொடி தைத்துக் கொடுக்க வந்தவர், அப்படியே கூட இருந்துவிட்டார். முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு அரசு கொடுக்கும் இலவச பஸ் பாஸில் துணைக்கு ஒரு ஆளும் போகலாம். அந்தத் துணை அமீர் ஹம்சாதான். அவருக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. தாஸுக்கு முகம் ஞாபகம் இருக்கும், பெயர் நிற்காது. கல்யாண வீட்டு வாசலிலேயே, பொண்ணு பேர் இன்னது, மாப்பிள்ளை பேர் இன்னது, நம்மைக் கூப்பிட்டது இன்னார் என்று பாய் காதில் ஓதிவிடுவார். தாஸ் மேடையேறி, பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவர் மாதிரி வாழ்த்திவிட்டு இறங்குவார்.

1989இல் தாஸ் தோற்றார். தோற்கடித்தவர் திருமலைசாமி, அரிசி மண்டிக்காரர். தோற்றதில் தாஸுக்கு வருத்தமில்லை. பிரச்சாரக் கூட்டத்தில் திருமலைசாமி, "ரெண்டு தடவ ஜெயிச்சு என்ன செஞ்சாருங்க? நாய் படுக்கறதுக்குக் கொட்டாய் கட்டி உட்டுருக்கறாரு" என்று பேசியதுதான் தைத்துவிட்டது. ஜெயித்த கையோடு நிழற்குடைகளில் இருந்த பெயருக்கு மேல் வெள்ளையும் அடித்துவிட்டார்கள். அந்த ஆள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று தாஸ் அன்றைக்கு முடிவு செய்தார். 96இல் திருமலைசாமி மறுபடியும் சபைக்குப் போனார். தாஸின் முடிவு மாறவில்லை.

1997 தை பிறந்து சில நாள் ஆகியிருக்கும். கொய்யா மரத்தடிக்கு மாசாணியம்மாள் வந்தாள். வெள்ளக்கல்பாளையத்துக்காரி, கல்குழியில் வேலை. தாஸ் சபையில் குடை கேட்டதே இவள் மாதிரிப் பெண்களுக்காகத்தான்.

"எம்மெல்லேங்க, எங்கூருக்குக் காத்தால ஒரு பஸ் வேணுமுங்க" என்றாள்.

"ஒன்பது மணிக்கு ஒண்ணு வருதல்ல?"

"அது ஊரெல்லாம் சுத்தி மதுக்கரை போறக்குள்ள பத்தடிச்சுப் போகுதுங்க. பரீட்ச பத்து மணிக்கு. போன வருசம் எம்புள்ள கனகமணி ஓடிப் போயி உக்காரக்குள்ள பாதிக் கணக்கு போச்சு. பெயிலுங்க. இந்த மார்ச்சுல பத்தாவது முழுசையும் மறுக்கா எழுதுறா. இதுலயும் போச்சுன்னா கல்யாணத்தப் பண்ணிப்போடலாமுன்னு அவங்கப்பன் மாப்ள பாத்து வெச்சிருக்கறாரு."

"புள்ள என்ன சொல்லுது?"

"நடந்தே போறேங்குது. காட்டு வழி, விடியறக்குள்ள கெளம்போணும். நான் எப்பிடி உடுவனுங்க?"

தாஸ் எழுந்து நின்றார். ரொம்ப நாளாக அவரிடம் வந்த மனுவெல்லாம் கல்யாணப் பத்திரிகையாகவே இருந்தது. இது நிஜமான வேலை. "பாயை வரச் சொல்லு விமலா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மனைவி விமலாராணி ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடுகிற கை, பேச்சும் அப்படித்தான். "எங்க, பெஞ்சுக்குத்தானுங்க?" என்றார்.

பெஞ்சுக்குத்தான். மறுநாள் போக்குவரத்துக் கழக ஆபீசில் மேலாளர் அறைக்கு வெளியே தாஸும் அமீர் ஹம்சாவும் போய் உட்கார்ந்தார்கள். பெஞ்சில் ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். பாஸ் தொலைத்தவர், மாற்றல் கேட்டு வந்த கண்டக்டர், பஸ்ஸில் கோழிக்கூடையை விட்டுவிட்ட ஒரு பாட்டி. தாஸ் கம்பீரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அறைக்கதவு திறந்தது. மேலாளர் வெளியே வந்தார், தாஸின் காலைத் தாண்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

"உங்களப் பாக்கலீங்களாட்ட இருக்குது" என்றார் பாய்.

"பாத்தாரு. பெஞ்சையும் பாத்தாரு."

சாயங்காலம் வரை இருந்தார்கள். மறுநாளும் போனார்கள். கோழிக்கூடை கிடைத்துப் பாட்டி போய்விட்டாள். பியூன் பாவப்பட்டு, "பெருசு, என்ன விசயமா வந்தீங்க? வயசான காலத்துல எதுக்கு இப்பிடிக் கெடக்கறீங்க?" என்று கேட்டு உள்ளே அனுப்பிவைத்தான்.

மேலாளர் மரியாதையான மனுஷர். உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். "காலையில ஒரு வண்டி திருப்பிவிடலாமுங்க. ஆனா இந்த மாதிரிக் கேட்டு எத்தனையோ ஊர்ல இருந்து வர்றாங்க. தொகுதி எம்.எல்.ஏ. ஒரு வார்த்தை சொன்னா முன்னால எடுத்துக்க முடியும்."

"நான் எம்.எல்.ஏ.தானுங்க" என்றார் தாஸ், பழக்க தோஷத்தில்.

"இப்ப இருக்கிறவருங்க" என்றார் மேலாளர் மெதுவாக.

பஸ்ஸில் திரும்பும்போது தாஸ் வழியில் வந்த நிழற்குடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து விமலாராணியிடம்தான் சொன்னார். "பெஞ்சுல உக்காந்தாக் காரியம் நடக்கும்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன்."

"பெஞ்சு எப்பவும் பெஞ்சுதானுங்க. அதுல உக்காரக் கூடாத ஆளு உக்காந்தீங்க, அதனால ஓடியாந்தாங்க. இப்ப உக்கார வேண்டிய ஆளாயிட்டீங்க." தட்டில் இட்லியை வைத்துவிட்டு, "திருமலைசாமியப் போய்ப் பாருங்க" என்றார்.

"அவன் ஊட்டுக்கா?"

"அந்தப் புள்ளைக்குப் பரீட்சை. உங்களுக்கு ரோசம். எது முந்தி வருதுன்னு பாத்துக்குங்க."

தாஸ் தட்டை இழுத்துக்கொண்டார். அன்றைக்கு இட்லியும் குறைவாகத்தான் இறங்கியது. ஒரு வாரம் போனது. தினமும் காலையில் சட்டையை மாட்டுவார், திருமலைசாமி வீட்டுத் தெரு முக்கு வரை போவார், டீ குடிப்பார், திரும்பி வந்துவிடுவார். அமீர் ஹம்சா இரண்டு டீ குடித்துவிட்டுக் கூடவே திரும்பி வருவார். "அந்தக் கடையில டீ நல்லாத்தான் இருக்குதுங்க தாசண்ணா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இதற்கு நடுவில் தையின் பெரிய முகூர்த்த நாள் வந்தது. மில்லில் கூட வேலை பார்த்த ராமசாமி வீட்டுக் கல்யாணம், மண்டபம் பொள்ளாச்சி ரோட்டில். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மண்டபம், எதிரில் ஒன்று. இரண்டிலும் கல்யாணம், இரண்டிலும் குலைதள்ளிய வாழை, இரண்டிலும் நாதஸ்வரம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கூட்டத்தில் நசுங்கி, பரிசுக்கு வாங்கிய சுவர்க்கடிகாரத்தின் வண்ணக் காகிதம் கிழிந்துபோனது. "இப்பிடியே குடுத்தா நல்லா இருக்காதுங்க. பேன்சி ஸ்டோர்ல சுத்தி வாங்கியாரேன், நீங்க நில்லுங்க" என்று பாய் போனார்.

தாஸ் நின்றிருக்க வேண்டும். ஆனால் கல்யாண மண்டப வாசலில் சும்மா நிற்பது அரசியல்வாதிக்கு வராது. நாதஸ்வரம் சத்தமாகக் கேட்ட பக்கம் நடந்தார். வாசலில் பன்னீர் தெளித்தவர், "அடடே, எம்மெல்லே ஐயா, வாங்க வாங்க" என்றார். சந்தனம், கற்கண்டு, முன்வரிசை நாற்காலி. கும்பிட்டவர்களை எல்லாம் தாஸும் கும்பிட்டார். ராமசாமியைக் காணோம், பந்தியைக் கவனிக்கப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டார். வாசலில் பூவால் எழுதியிருந்த பெயர்களைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். பொது இடத்தில் கண்ணாடி போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

தாலி கட்டி முடிந்ததும் மைக் வந்தது. கட்டாயம் வரும். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ. இருந்தால் கொங்கு நாட்டில் எந்தக் கல்யாண வீடும் மைக்கைக் கொடுக்காமல் விடாது. பாய் இன்னும் வரவில்லை. பெயர் தெரியாமல் பேச என்று தாஸிடம் ஒரு கையிருப்பு இருந்தது, அதை எடுத்தார்.

"இந்தப் பொண்ணோட தாத்தாவை எனக்கு நாப்பது வருசமாத் தெரியுமுங்க. ஒரு வார்த்தை மாத்திப் பேச மாட்டாரு. அந்த ஊட்டுப் பொண்ணு போற எடமெல்லாம் வெளங்குமுங்க."

மைக் செட்காரன் தாராளமானவன். வாசலிலும் ரோட்டிலும் குழாய் கட்டியிருந்தான். கடிகாரத்தைச் சுற்றி வாங்கிக்கொண்டு ராமசாமி வீட்டு மண்டபத்துக்குள் போன அமீர் ஹம்சா, தாஸைத் தேடிக்கொண்டிருந்தபோது எதிர் மண்டபத்திலிருந்து தாஸின் குரல் வந்தது. பாய் கடிகாரத்தோடு ரோட்டைக் கடந்து ஓடினார்.

மேடையிலிருந்த தாஸ் ஒரே சமயத்தில் இரண்டைப் பார்த்தார். பக்கவாசலில் பாய் கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுகிறார். முன்வாசலில், அன்றைய மற்ற கல்யாணங்களுக்கும் தலைகாட்டிவிட்டு, மாலையும் ஆட்களுமாகத் திருமலைசாமி நுழைகிறார். மணப்பெண்ணின் அப்பா ஓடிப்போய், "வாங்க மச்சான்" என்கிறார்.

மச்சான். அப்படியானால் மணப்பெண் திருமலைசாமியின் தங்கை மகள். அப்படியானால் இப்போது நாற்பது வருஷமாகத் தெரிந்தவர் என்று தாஸ் புகழ்ந்த தாத்தா, திருமலைசாமியின் அப்பாவோ, அந்த அப்பாவின் சம்பந்தியோ. தாஸ் அவரைக் கண்ணால் கண்டதில்லை.

மண்டபமே இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். திருமலைசாமி நடுவழியில் நின்றுவிட்டார். மைக்கை வைத்துவிட்டு இறங்கிப் போய்விடலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வீட்டுக்கு வீடு சிரிப்பார்கள், அவ்வளவுதான். தாஸின் கால் படியைத் தேடியது. அப்போதுதான் தோன்றியது. அவன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பதுதானே பேச்சு? இது மண்டபம். கையில் மைக் வேறு இருக்கிறது.

"நான் ஏன் இந்தக் கல்யாணத்துக்கு வந்தேன்னு நெறையப் பேரு பாக்கறீங்க" என்றார் தாஸ். "நன்றி சொல்ல வந்தனுங்க. வெள்ளக்கல்பாளையத்துப் புள்ளைங்க பரீட்சைக்குப் போறதுக்குக் காத்தால எட்டு மணிக்கு ஒரு பஸ் உடறாரு நம்ம எம்.எல்.ஏ. திருமலைசாமி. யாரும் கேக்கறதுக்கு முந்தி அவராத் தெரிஞ்சு செய்யறாரு. நான் எம்.எல்.ஏ.வா இருந்தப்ப எனக்குத் தோணாத விசயமுங்க இது. எதிர்க்கட்சிக்காரனா இருந்தாலும் நல்லதை நல்லதுன்னு சொல்லோணுமல்ல?"

கைத்தட்டல் எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்துதான் சத்தம் அதிகம் வந்தது. திருமலைசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கைதட்டும் கூட்டத்துக்கு முன்னால் புரியாத முகத்தைக் காட்டும் அரசியல்வாதி இல்லை அவர். கையைக் கூப்பியபடியே மேடையேறி தாஸைக் கட்டிக்கொண்டார். ஒரு போட்டோ மின்னியது.

கட்டிக்கொண்ட வாக்கில் காதோரம் கேட்டார். "ஏனுங்க தாஸு, எந்தப் பஸ்ஸைச் சொல்றீங்க?"

"வெள்ளக்கல்பாளையம். எட்டு மணிக்குக் கெளம்போணும். மார்ச்சுல பரீட்சை."

"நான் எப்பங்க சொன்னேன்?"

"இப்பத்தான். எல்லாருங் கேட்டாங்கல்ல."

"கல்யாண ஊட்டுல வெச்சுக் கவுத்துப்போட்டீங்களே" என்று முணுமுணுத்த திருமலைசாமி மைக்கை வாங்கி, "ஆமாங்க, பரீட்சைக்கு முன்னாலயே பஸ் ஓடுமுங்க" என்று முழங்கினார்.

பந்தியில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இனிப்புக்கு ஒப்புட்டு வந்தது, நெய் வந்தது. நடுவில் திருமலைசாமி இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கொட்டாய் பேச்சு… எழுதிக் குடுத்ததைப் படிச்சனுங்க அன்னிக்கு."

"எழுதுனவன் நாயை எல்லாம் நல்லாக் கவனிச்சிருக்கறான்" என்றார் தாஸ். திருமலைசாமிக்குப் புரையேறியது. தண்ணீர் டம்ளரை தாஸ் நகர்த்தி வைத்தார். குடித்துவிட்டு நிமிர்ந்தார் திருமலைசாமி. "ஆமா, எங்கப்பாவை உங்களுக்கு நாப்பது வருசமாத் தெரியுமாமே. வாசல்ல கேட்டேன். அவரு எங்கிட்ட ஒருக்காக்கூடச் சொன்னதில்லீங்களே" என்றார். இந்த முறை தாஸுக்குப் புரையேறியது.

எதிர் மண்டபத்தில் ராமசாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். "எங்கூட்டுப் பொண்ணுக்கும் தாத்தா இருக்கறாருங்க. அவரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை குழாயில கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்." தாஸ் மேடையேறி அந்தத் தாத்தாவையும் அதே நாற்பது வருஷத்தோடு, பெயர் சேர்த்துப் புகழ்ந்துவிட்டு, இரண்டாவது பந்திக்கும் உட்கார்ந்தார். தப்பிக்க வழியில்லை. வீடு திரும்பியதும் விமலாராணி சுக்கு தட்டிப்போட்டுக் கஷாயம் கொடுத்தார். "உங்க ரோசமும் செரிச்சிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச்சில், பரீட்சை ஆரம்பிக்கும் நாளன்று பஸ் வந்தது. முகப்பில் வாழை, மாலை, சந்தனப் பொட்டு. திருமலைசாமி கொடியசைத்தார். பலகையில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மேடை போட்டிருந்த இடத்தில் தாஸுக்கும் நாற்காலி இருந்தது. ஆனால் அவர் அதற்குள் பாயோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் பாஸை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "முன்னாளுங்களா?" என்றார். "முன்னாள்தான்" என்றார் தாஸ்.

இரட்டைப் பின்னலும் கையில் புத்தகமுமாக ஒரு பெண் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மாசாணியம்மாளின் அதே மூக்கு. கீழே நின்ற மாசாணியம்மாள் ஜன்னல் வழியாகத் தாஸைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தாஸ் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தாத்தா, படிக்கோணும்" என்றாள் கனகமணி.

தாஸ் தள்ளி உட்கார்ந்தார். "என்ன பரீட்சை கண்ணு இன்னிக்கு?"

"தமிழுங்க. கணக்கு அப்பறந்தான். கணக்குக்குத்தான் இந்தப் பஸ்ஸே வேணும்."

"யாரு உட்ட பஸ்ஸு இது?"

"திருமலைசாமி எம்மெல்லே. வெளிய போட்டிருக்குதே, பாக்கலீங்களா?" என்றுவிட்டுப் புத்தகத்தில் குனிந்தாள்.

அமீர் ஹம்சா தாங்க மாட்டாமல், "அம்மணி, இவரு யாருன்னு…" என்று ஆரம்பித்தார். தாஸ் அவர் தொடையில் அழுத்திக் கிள்ளினார். "இவரு யாருன்னா, எனக்கு வேண்டியவரு" என்று முடித்துக்கொண்டார் பாய்.

மதுக்கரையில் பள்ளிக்கூட கேட் இன்னும் திறக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தார்கள். வெயில் அப்போதே ஏறியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய பிள்ளைகள் ரோட்டுக்கு எதிரே இருந்த நிழற்குடைக்குள் ஓடினார்கள். சிமெண்ட் தூசி படிந்து, நெற்றியில் வெள்ளை அடித்து, அதன்மேல் ஏதோ விளம்பரம் ஒட்டிய நிழற்குடை. கனகமணி உள்திண்டில் ஏறிச் சம்மணமிட்டுக் கடைசித் தடவையாகப் புரட்டத் தொடங்கினாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

தாஸும் பாயும் உள்ளே இடமில்லாமல் வெயிலில் நின்றார்கள். அமீர் ஹம்சா கையை நெற்றியில் வைத்து நிழற்குடையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார்.

"ஒரு நாயையும் காணோமுங்க தாசண்ணா" என்றார்.